பிளேட்டை மாற்றும் முன் லிவரைத் தொட்டுப் பாருங்கள்



கம்பத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் மோட்டார் சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, லோயர் கேம்ப் வழியாகக் குமுளி மலை ஏறி, ஏலத்தோட்டக் குடியிருப்புகளில் தவணைக்குத் துணி விற்று வருகிறார். வண்டி ஓடினால்தான் அன்றைய வசூல். சில மாதங்களுக்கு முன் அவர் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வட்டியில்லாக் கடன் கேட்டு வந்தார்.

“வண்டி மலையில இழுக்க மாட்டேங்குது பாய். கிளட்ச் பிளேட் போயிருச்சாம், மாத்தணுமாம்” என்றார்.

“கடைசியா எப்ப மாத்துனீங்க?”

“போன மாசந்தான் மாத்துனேன்.”

நல்ல பிளேட் ஒரு மாதத்தில் தேய்ந்து போகாது. வெளியே நின்ற அவருடைய வண்டியின் கிளட்ச் லிவரை விரலால் தொட்டுப் பார்த்தோம். ஒரு நூல் அளவுகூட ஆட்டம் இல்லை. கேபிள் விறைத்துக் கிடந்தது. சில மாதங்களுக்கு முன் கேபிள் அறுந்து புதிது மாட்டியபோது, “லேசாப் பிடிச்சாலே கட் ஆகுற மாதிரி வைங்க” என்று அவரே சொல்லி இறுக்க வைத்திருக்கிறார். அதன் பிறகுதான் வண்டி மலையில் திணற ஆரம்பித்திருக்கிறது. பட்டறையில் கேபிளைப் பார்க்காமல் பிளேட்டை மாற்றிவிட்டார்கள். புதிய பிளேட்டும் அதே இறுக்கத்தில் ஓடியது. பிரித்துப் பார்த்தபோது அதுவும் கருகிப் போயிருந்தது.

கடன் கொடுத்தோம், பிளேட்டும் வாங்கினார். ஆனால் கேபிளின் நுனியில் உள்ள ஒரு திருகை முதலிலேயே சரியான அளவுக்குத் திருப்பியிருந்தால் அந்தக் கடன் அவருக்குத் தேவைப்பட்டிருக்காது. அதனால்தான் இந்த மாதத் தொழில் பாடத்துக்குக் கிளட்சை எடுத்துக்கொண்டோம். வண்டி வைத்திருப்பவர்களும், தொழில் பழகும் தம்பிகளும், வீட்டுக் கணக்கைப் பார்க்கும் சகோதரிகளும் படிக்க வேண்டிய பாடம் இது.

கிளட்ச் என்ன வேலை செய்கிறது?

நம் ஊரில் ஓடும் 100, 125, 150 சிசி கியர் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஆயிலில் நனைந்தபடியே சுற்றும் பல தட்டு கிளட்ச். வலது பக்க இஞ்சின் மூடிக்குள் இது இருக்கும். உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டுகளும் வழவழப்பான இரும்புத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். இந்த இரும்புத் தட்டைத்தான் பல கடைகளில் பிரஷர் பிளேட் என்கிறார்கள். உராய்வு பிளேட்டுகள் இஞ்சினோடு சுற்றும். இரும்புத் தட்டுகள் கியர்பாக்ஸோடு சேர்ந்தவை. ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை நெருக்கிப் பிடித்திருக்கும் வரை எல்லாம் ஒன்றாகச் சுற்றும். இஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போகும். லிவரைப் பிடித்தால் ஸ்பிரிங்கின் பிடி தளர்ந்து தட்டுகள் தனித்தனியாகிவிடும். அப்போதுதான் கியர் மாற்றுகிறோம்.

லிவரை விட்ட பிறகும் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கினால் அதுதான் கிளட்ச் ஸ்லிப். அதற்குக் காரணம் இரண்டே வகைதான். ஒன்று, அழுத்தம் குறைந்திருக்க வேண்டும்: கேபிள் அதிக இறுக்கமாக இருப்பது, ஸ்பிரிங் பலம் இழப்பது. இரண்டு, உராய்வு குறைந்திருக்க வேண்டும்: பிளேட் தேய்வது, பொருந்தாத ஆயில் ஊற்றுவது. இவற்றில் கேபிளையும் ஆயிலையும் இஞ்சினைத் திறக்காமலே பார்த்துவிடலாம். பிளேட்டையும் ஸ்பிரிங்கையும் பார்க்கத்தான் திறக்க வேண்டும். எனவே முதலில் வெளியே பார்ப்பது, பிறகு உள்ளே போவது என்பதே முறை.

வழுக்குவது கிளட்ச்தானா?

அறிகுறிகள் இவை. ரேஸ் முறுக்கினால் இஞ்சின் சத்தம் மட்டும் ஏறும். வேகம் அதற்கேற்ப ஏறாது. மேட்டிலும், பின்னால் ஆள் இருக்கும்போதும், மூட்டை ஏற்றியிருக்கும்போதும் இது அதிகமாகத் தெரியும். கடைசி கியரில்தான் முதலில் காட்டும். ஏனென்றால் மேல் கியரில் கிளட்ச் தாங்க வேண்டிய சுமை அதிகம். முற்றிய நிலையில் கருகிய வாடை வரும். பெட்ரோல் செலவு கூடும். அதே ஓட்டத்துக்கு வழக்கத்தைவிட அடிக்கடி பெட்ரோல் போட வேண்டியிருந்தால், வீட்டில் கணக்குப் பார்ப்பவர்கள் வண்டி ஓட்டுபவரைவிட முன்னதாகவே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

சந்தேகத்தைத் தீர்க்கும் எளிய சோதனை இது. ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் கடைசி கியரில் சுமார் 40 கி.மீ. வேகத்தில் போங்கள். ரேஸை நன்றாகத் திறங்கள். சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. சத்தம் மட்டும் துள்ளி ஏறினால் வழுக்குகிறது. மலைப்பாதையிலோ கடைத்தெருவிலோ இதைச் செய்யாதீர்கள்.

வேறு கோளாறுகளும் இதுபோலவே தோன்றும். இழுவை இல்லாதபோது ‘கடகட’ என்று செயின் தாண்டும் சத்தம் வந்தால், செயின், ஸ்ப்ராக்கெட் பற்களைப் பாருங்கள். ஓடும்போதே கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிட்டால் அது கியர்பாக்ஸ் கோளாறு. இஞ்சின் சத்தமும் ஏறாமல் வேகமும் ஏறாமல் திணறினால், சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். அல்லது ஏர் ஃபில்டர், பிளக், பெட்ரோல் வழி என்று இஞ்சின் பக்கம் கோளாறு இருக்கலாம். இவற்றில் எதற்கும் கிளட்ச் பிளேட் மாற்றுவது மருந்தாகாது.

லிவரைப் பிடித்தும் கியர் விழாமல் முரண்டு பிடிப்பதும், முதல் கியரில் லிவரைப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் நகர்வதும் வழுக்கலுக்கு நேர் எதிரான கோளாறு. அங்கே கேபிள் அதிகத் தளர்வாக இருக்கும். ஒன்றுக்குரிய வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்தால் நோய் முற்றும்.

இன்னொரு விஷயம். கியர் இல்லாத ஸ்கூட்டர்களிலும் டிவிஎஸ் எக்ஸ்எல் போன்ற மொபெட்களிலும் கையால் பிடிக்கும் கிளட்ச் லிவரே இல்லை. வேகத்துக்கேற்பத் தானே பிடிக்கும் வேறு வகை கிளட்ச் அது. இந்தப் பாடம் கிளட்ச் லிவர் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே.

முதலில் பார்க்க வேண்டியது: லிவரின் ஆட்டம்

வண்டியை நிறுத்தி, ஹேண்டில்பாரை நேராக வைத்து, கிளட்ச் லிவரின் நுனியை ஒரு விரலால் மெதுவாக இழுங்கள். முதலில் கொஞ்ச தூரம் எந்தத் தடையும் இல்லாமல் வரும். பிறகு ஸ்பிரிங்கின் கனம் தெரியும். அந்தத் தடையில்லாத தூரத்தைத்தான் ‘ஃப்ரீ பிளே’ என்கிறோம். ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சிசி வண்டிகள் பலவற்றில் லிவர் நுனியில் இது 10 முதல் 20 மி.மீ. வரை இருக்க வேண்டும். சில கம்பெனிகள் லிவரின் அடிப்பக்கத்தில் 2, 3 மி.மீ. இடைவெளி என்று அளவு கொடுக்கின்றன. வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவே உங்களுக்குரியது.

ஆட்டமே இல்லை என்றால், லிவரை விட்ட பிறகும் கேபிள் கிளட்சை இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். ஸ்பிரிங்கால் முழுப் பலத்தோடு அழுத்த முடியாது. பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் தானாகவே குறைந்துகொண்டு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். போன வருடம் சரியாக இருந்த அளவு இந்த வருடம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

சரிசெய்யும் முறை: லிவர் அருகே ரப்பர் உறைக்குள் ஒரு திருகும் அதைப் பூட்டும் வளையமும் இருக்கும். வளையத்தைத் தளர்த்தி, திருகை உள்நோக்கித் திருப்பினால் ஆட்டம் கூடும். வெளியே எடுத்தால் குறையும். அதிக வித்தியாசம் இருந்தால் கேபிளின் கீழ் முனையில், இஞ்சின் பக்கம் உள்ள நட்டுகளில் சரிசெய்ய வேண்டும். லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டர் நட்டைத் திருப்பி, அளவு வந்ததும் மீண்டும் பூட்டுங்கள். பிறகு ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்த்து, இரண்டு பக்கமும் ஆட்டம் இருப்பதை உறுதி செய்யுங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது ஆட்டம் காணாமல் போனால் கேபிள் எங்கோ சிக்கியிருக்கிறது, அல்லது தவறான வழியில் மாட்டப்பட்டிருக்கிறது.

கேபிளின் உட்கம்பி இழை பிரிந்திருக்கிறதா, துருப்பிடித்து இறுகி லிவரைத் திரும்ப விடாமல் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் கேபிளை மாற்றுவதே நல்லது. லிவர் கனமாக இருக்கிறது என்பதற்காகக் கேபிளை இறுக்குவது வைத்தியமல்ல. கனத்துக்குக் காரணம் பெரும்பாலும் காய்ந்துபோன கேபிள்தான்.

அளவைச் சரிசெய்த பின் சாலைச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். வழுக்கல் நின்றுவிட்டால் அல்ஹம்துலில்லாஹ். ஒரு ஸ்பேனரோடு வேலை முடிந்தது.

அடுத்து: ஆயில்

இந்த கிளட்ச் இஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுவதால், ஆயிலின் தன்மை நேராகக் கிளட்சைத் தொடுகிறது. மோட்டார் சைக்கிள் ஆயில் டப்பாவின் பின்புறம் ‘ஜாஸோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று அச்சிட்டிருக்கும். நனைந்த கிளட்சுக்கு ஏற்ற உராய்வு உள்ள ஆயில் என்று அதற்குப் பொருள். ‘எம்பி’ என்று இருந்தால் அது உராய்வு குறைந்த ஆயில். கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. கார் ஆயில்கள் சிலவற்றில் பெட்ரோல் சிக்கனத்துக்காக வழுக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். வீட்டில் மீதமிருக்கிறதே என்று கார் ஆயிலையோ ஸ்கூட்டர் ஆயிலையோ கியர் வண்டியில் ஊற்றாதீர்கள்.

அண்மையில் ஆயில் மாற்றிய பிறகுதான் வழுக்கல் ஆரம்பித்தது என்றால் முதல் சந்தேகம் ஆயில் மேல்தான். அதை வடித்துவிட்டு, வண்டிப் புத்தகத்தில் சொன்ன தரத்தில், சொன்ன அளவு ஊற்றி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

கேபிளும் ஆயிலும் சரி, ஆனாலும் வழுக்குகிறது என்றால்தான் இஞ்சின் மூடியைத் திறக்க வேண்டும்.

உள்ளே என்ன பார்க்க வேண்டும்?

இது பட்டறை வேலை. பழகாதவர்கள் வீட்டில் செய்யக் கூடாது. ஆனால் என்ன நடக்கிறது என்று வண்டிக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பழகும் தம்பிகளுக்கு இதோ வரிசை.

1. இஞ்சின் ஆறிய பிறகு ஆயிலை வடியுங்கள். கிக்கரைக் கழற்றி, வலது மூடியின் போல்ட்டுகளை எடுங்கள். போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

2. ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒரே தடவையில் கழற்றாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நடு நட்டுக்கு அதற்குரிய சாவியைப் பயன்படுத்துங்கள். உளியை வைத்துத் தட்டிக் கழற்றினால் நட்டின் காது உடையும்.

3. உராய்வு பிளேட்டின் தடிமனை வெர்னியர் கேலிப்பரால் பல இடங்களில் அளக்க வேண்டும். 100 சிசி வண்டிகளில் புதிய பிளேட் ஏறக்குறைய 3 மி.மீ. தடிமன் இருக்கும். அதில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்தாலே மாற்ற வேண்டிய எல்லை வந்துவிடும். கண்ணால் பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்றோ “போயிருச்சு” என்றோ சொல்ல முடியாத அளவு இது. அளந்துதான் சொல்ல வேண்டும். தடிமன் இருந்தும் கருகி, கண்ணாடிபோல் பளபளத்தால் அந்த பிளேட் உதவாது.

4. இரும்புத் தட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அது அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. தட்டைச் சமமான கண்ணாடிமேல் வைத்து ஃபீலர் கேஜால் வளைவைப் பாருங்கள். புத்தகத்தில் சொன்ன எல்லையைத் தாண்டினால் மாற்றுங்கள்.

5. ஸ்பிரிங்குகளின் நீளத்தை அளங்கள். ஒன்று குட்டையாகிவிட்டாலும் எல்லாவற்றையும் செட்டாகவே மாற்ற வேண்டும். பிளேட்டை மாற்றி, களைத்த ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் வேலை பாதிதான்.

6. பிளேட்டின் காதுகள் உட்காரும் டிரம்மின் பள்ளங்களில் வெட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். லேசாக இருந்தால் அரத்தால் சமப்படுத்தலாம். ஆழமாக இருந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும்.

மாட்டும்போது செய்யும் தவறுகள்

புதிய பிளேட்டுகளை மாட்டும் முன் அதே இஞ்சின் ஆயிலில் நன்றாக ஊற வையுங்கள். உலர்ந்த பிளேட்டை மாட்டி ஓட்டினால் முதல் நாளே சூடேறிக் கருக ஆரம்பிக்கும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, சொன்ன டார்க் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அவை ஏறும் பாகம் அலுமினியம் என்பதால் கூடுதல் பலம் கொடுத்தால் மரை போய்விடும். தேய்ந்த பிளேட்டின் துகள்கள் ஆயிலில் கலந்திருக்கும்; ஆயில் சல்லடையையும் ஃபில்டரையும் சுத்தம் செய்யாமல் மூடாதீர்கள். பழைய பேக்கிங்கை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் லிவரின் ஆட்டத்தை மீண்டும் அளந்து வையுங்கள். கம்பம் சகோதரரின் வண்டியில் விடுபட்டது இந்த ஒரு வேலைதான். அவருடைய புதிய பிளேட்டைக் கருக்கியதும் இதுவே.

வழியில் மாட்டிக்கொண்டால்

மலையில் பாதி தூரத்தில் வண்டி இழுக்காமல் போனால், மேலும் ரேஸ் முறுக்காதீர்கள். முறுக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிளேட் எரிகிறது. அகலமான இடம் பார்த்து ஓரமாக நிறுத்தி இஞ்சினை ஆற விடுங்கள். லிவரில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் லிவர் அருகே உள்ள திருகை உள்ளே திருப்புங்கள். அதற்கு மெலிந்த ரேஸும் கீழ் கியரும் துணை: கீழ் கியரில் கிளட்சுக்குச் சுமை குறைவு. மூட்டையையும் பின்னால் இருப்பவரையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டு மெதுவாகப் பட்டறை வந்து சேருங்கள். இறக்கத்தில் எக்காரணம் கொண்டும் நியூட்ரலில் வண்டியை உருட்டாதீர்கள்.

கையின் பழக்கம்

நல்ல கிளட்சையும் கெடுப்பது சில பழக்கங்கள்தான். ஓடும்போது லிவரின் மேல் விரல்களை வைத்துக்கொண்டே இருப்பது, மேட்டில் பிரேக்குக்குப் பதிலாகப் பாதி கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடிப்பது, இரண்டாவது கியரிலேயே புறப்படுவது, வண்டி தாங்கும் அளவுக்கு மேல் மூட்டை ஏற்றுவது ஆகியவற்றைத் தவிருங்கள். மாதம் ஒருமுறை லிவரின் ஆட்டத்தைப் பார்ப்பதையும் வழக்கமாக்குங்கள். ஒரு நிமிட வேலைதான். பயண துஆ ஓதிப் புறப்படும் நாம், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்ற பாடத்தையும் அறிந்தவர்கள்.

தொழில் பழகும் தம்பிகளுக்கு

அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வதை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மெக்கானிக்கின் கையில் தராசு இல்லை. ஆனால் அவர் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பித்தான் வண்டிக்காரர் பணத்தை எடுத்து வைக்கிறார். அளக்காமல் “பிளேட் போயிருச்சு” என்று சொல்வதும் தராசைச் சாய்ப்பதைப் போன்றதே. ஏமாற்றும் எண்ணம் இல்லாமல், அவசரத்தில் சொன்னாலும் நஷ்டம் வண்டிக்காரருக்குத்தான்.

எனவே இந்த மூன்றையும் வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். வண்டியைப் பிரிக்கும் முன் லிவரின் ஆட்டத்தையும் ஆயிலையும் வண்டிக்காரர் முன்னிலையிலேயே பாருங்கள். பிரித்த பிறகு எடுத்த அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகங்களை அவர் கேட்காமலே அவர் கையில் கொடுங்கள். கேபிளைச் சரிசெய்ததோடு வேலை முடிந்துவிட்டால் அன்றைக்குக் கூலி குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் அடுத்த முறை அவர் வேறு பட்டறைக்குப் போக மாட்டார். தெரிந்தவர்களிடமும் உங்கள் பெயரைச் சொல்வார். ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத் வருவது இந்த வழியில்தான்.

வண்டி வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கேட்கத் தயங்க வேண்டாம். “கேபிளையும் ஆயிலையும் பார்த்துட்டீங்களா பாய்?” என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல தொழிலாளி அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

கம்பம் சகோதரர் இப்போது மலை ஏறும் முன் லோயர் கேம்ப்பில் டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் லிவரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார். கடனில் பாதியைக் கட்டிவிட்டார். மீதியும் இன்ஷா அல்லாஹ் விரைவில் முடிந்துவிடும். அந்தப் பணம் அடுத்து வருபவருக்கு உதவும்.

வல்ல அல்லாஹ் நம் உழைப்பிலும் பயணத்திலும் பாதுகாப்பையும் பரக்கத்தையும் அருள்வானாக. ஆமீன்.